நிலத்தின் பொறையை அளந்தவர்

பொறுமைக்கு நிலத்தை உவமை கூறுதல் நம் முன்னோர் மரபு. எத்துணைச் சுமை ஏற்றினும் நிலம் வாய் திறவாது நிற்கும். ஆயினும் அப்பொறைக்கும் ஓர் எல்லை உண்டு. அதனைக் கடந்தால் மாளிகை சாயும், அணை உடையும், மலைச்சரிவு பெயர்ந்து ஊரை மூடும். அவ்வெல்லையை அளந்தறிய வழி கண்ட பெருமகனார் கார்ல் டெர்சாகி என்பார்.

இவர் 1883ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 2ஆம் நாள், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த பிராகு நகரில் பிறந்தார். கிராட்ஸ் நகரில் எந்திரப் பொறியியல் பயின்று 1904இல் பட்டம் பெற்றார். எனினும், எந்திரங்களினும் பாறையும் மண்ணுமே இவர் உள்ளத்தைக் கவர்ந்தன. கட்டடப் பணிகளில் ஈடுபட்ட காலத்தில் ஒரு குறை இவரை வருத்தியது. இரும்பின் வலிமையைக் கணக்கிடப் பொறியாளர் அறிந்திருந்தனர். அவ்விரும்பைத் தாங்கும் மண்ணின் வலிமையையோ பெரும்பாலும் ஊகித்தே கூறினர். மணல், களிமண் என்னும் பெயர்கள் அளவு கூறுவன அல்லவே!

விடை தேடி 1912இல் அமெரிக்கா சென்றார். பேரணைகள் எழும் இடந்தோறும் அலைந்து செய்திகளைத் திரட்டினார். திரட்டியவை மிகுந்தன, தெளிவு பிறக்கவில்லை. மனம் சோர்ந்து தாயகம் திரும்பினார்.

1916இல், தம் ஆசிரியர் பார்க்கைமர் முயற்சியால், இஸ்தான்புல் நகரப் பொறியியற் பள்ளியில் ஆசிரியரானார். உலகப்போர் முடிந்தபின் அப்பதவி பறிபோயிற்று. போஸ்பரஸ் நீரிணையை நோக்கிய குன்றின்மேல் அமைந்த ராபர்ட் கல்லூரி இவருக்கு இடமளித்தது. ஆய்வுக் கருவி வாங்கப் பொருளில்லை. சுருட்டுப் பெட்டிகளையும், கழித்தெறிந்த பொருள்களையும் கொண்டு தாமே கருவிகள் அமைத்தார். அவற்றில் மணலையும் களிமண்ணையும் இட்டு, அழுத்தியும் தள்ளியும் அளந்தார்.

அவ்வாய்வுகளில் ஓர் உண்மை புலனாயிற்று. சுவருக்குப் பின்னுள்ள மண் எப்பொழுதும் ஒரே அளவாகத் தள்ளுவதில்லை. சுவர் சிறிது விலகி இடங்கொடுத்தால் மண்ணின் தள்ளல் குறைகிறது. சுவரே மண்ணை நெருக்கினால் மண் பன்மடங்கு வலிவோடு எதிர்க்கிறது. மண்ணுக்குள் நீரின் செயலையும் இவர் ஆராய்ந்தார். ஈரக் களிமண்மேல் சுமை ஏறினால், முதலில் நீரே அதனைத் தாங்குகிறது. நீர் மெல்லக் கசிந்து வெளியேறவே, சுமை மண்துகள்மேல் இறங்குகிறது. கட்டடங்கள் ஆண்டுக்கணக்கில் அமிழ்தல் இதனால்தான். மழையால் நீரழுத்தம் மிகுந்தால் துகள்களின் பிடி தளரும். சரிவுகள் வழுக்கி வீழும். இவற்றையெல்லாம் விளக்கி 1925இல் இவர் வெளியிட்ட நூலால் மண்ணியக்கவியல் ஒரு தனித்துறையாய் நிலைபெற்றது.

பாலங்களையும் துறைமேடைகளையும் தாங்க நிலத்துள் ஆழ இறக்கும் தூண்களுக்கும் இவ்வறிவு பயன்பட்டது. அத்தூண்கள் மேலிருந்து வரும் சுமையை மட்டுமா தாங்குகின்றன? காற்றும் அலையும் அவற்றைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. தள்ளுண்ட தூண் தன்முன் உள்ள மண்ணை நெருக்குகிறது; மண் எதிர்த்து நிற்கிறது. அவ்வெதிர்ப்பைக் கணக்கிடும் முறையை டெர்சாகி 1955இல் ஒரு கட்டுரையில் ஆராய்ந்தார். சமநிலத்தில் தூணின் முன்னே எதிர்ப்பதற்கு மண் நிறைய உண்டு. சரிவிலோ, பள்ளத்தை நோக்கித் தள்ளுண்ட தூணுக்கு முன்னே மண் குறைவு; எனவே மேற்பகுதியில் எதிர்ப்பும் குறைவு. சரிவே பெயரத் தொடங்கினாலோ, தாங்கவேண்டிய மண்ணே தூணைத் தள்ளும் பகையாகிவிடும். ஆகவே அத்தகைய இடங்களில் தூண்களைச் சரிவின் விளிம்பினின்று விலக்கியோ, உறுதியான அடிநிலம் வரை ஆழ இறக்கியோ அமைப்பர். பின்வந்த அறிஞர் பலர் சரிவின் அளவுக்கேற்ப எதிர்ப்பு எவ்வளவு குறையும் என்பதை ஆய்ந்து, இத்துறையை வளர்த்தனர்.

ஆஸ்திரியாவை ஜெர்மனி 1938இல் கைக்கொண்டபின், டெர்சாகி அமெரிக்காவில் குடியேறி ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். முதுமையிலும் இவர் ஓய்ந்திலர். கனடாவின் மலைப்பள்ளத்தாக்கு ஒன்றில், அமிழும் களிமண்மேலும் நீர் ஒழுகும் சரளைமேலும் அணை கட்ட நேர்ந்தபோது, எழுபது வயதைக் கடந்த இவரே வழிகாட்டினார். 1960இல் அவ்வணை முடிவுற்றது. 1963 அக்டோபர் 25ஆம் நாள் டெர்சாகி மறைந்தார். இரண்டாண்டுகளுக்குப் பின் அவ்வணைக்கு இவர் பெயர் சூட்டப்பெற்றது.