அன்னையர் சுமந்த பழி

மாதிரித் தேர்வில் நேரும் பிழையை மாணவர்களுக்கு விளக்க, லியோ கானரின் வாழ்க்கையையே நான் பலமுறை எடுத்துக்காட்டியிருக்கிறேன்.

1894இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் சிற்றூர் ஒன்றில் யூதக் குடும்பத்தில் பிறந்த கானர், பெர்லினில் மருத்துவம் பயின்று, 1924இல் அமெரிக்காவில் குடியேறினார். 1930இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலப் பிரிவைத் தொடங்கினார். 11 குழந்தைகளை ஆராய்ந்து 1943இல் அவர் எழுதிய கட்டுரையே ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக அடையாளம் காட்டியது.

இது பிறவியிலேயே அமைவது என்று அதில் முடிவுகட்டினார். ஐவரின் தலை சற்றுப் பெரிதாயிருந்ததையும் குறித்தார். கூடவே, பெற்றோர் நன்கு படித்தவர்கள், பாசத்தில் குறைந்தவர்கள் என்றும் எழுதினார். கல்வியும் வசதியும் உடையோரே அத்தகைய மருத்துவரை எளிதில் அடைய முடியும் என்பதை அவர் எடைபோடவில்லை. பின்னர் பெற்றோரின் பாசமின்மையையே அவர் அழுத்திச் சொல்ல, பிறர் அதைக் கோட்பாடாக்கினர். அன்னையர் பல்லாண்டுகள் பழி சுமந்தனர்.

1969இல் பெற்றோர் கூடிய அவையில், அவர்கள்மீது குற்றமில்லை என்று கானரே அறிவித்தார். 1981இல் மறைந்தார்.

2001இல் எரிக் கூர்ஷேன் குழுவினர் ஆட்டிசமுள்ள இரண்டு முதல் நான்கு வயதுச் சிறுவர்களின் மூளையைப் படமெடுத்தனர். பலருக்கு அது சராசரியைவிடப் பெரிதாயிருந்தது. எல்லோருக்கும் அப்படியில்லை என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. ஆயினும் தேடல் வளர்ப்பிலிருந்து மூளை வளர்ச்சிக்குத் திரும்பிவிட்டது.

கானரின் முதற்குறிப்பில் இரண்டு தடயங்களும் இருந்தன. உலகம் பிடித்துக்கொண்டது தவறானதை. பேச்சு தாமதமான குழந்தையைக் கண்டதும் தாயிடம் காரணம் கேட்கும் நாம், இன்னும் அதை விடவில்லை.