உழைப்பவர்க்குக் காப்பு

கொல்லிமலையில் மிளகுக் கொடி படர்ந்த சவுக்கு மரங்களில் ஏணி சாய்த்துக் காய் பறிப்போர் உளர். ஏறியவர் தவறி விழுந்து முதுகெலும்பு முறிந்தால் அவர் வீட்டு உலைக்கு யார் பொறுப்பு? இவ்வினாவுக்குச் சட்டத்தின் வழியே விடை தேடியோருள் அண்ணல் அம்பேத்கரும் ஒருவர். அரசமைப்புச் சட்டத்தோடு மட்டும் அவர் பெயரை இணைத்துப் பார்ப்போர் இப்பணியை அறிவதில்லை.

1891ஆம் ஆண்டு மோ என்னும் ஊரில் பிறந்த அவர், பம்பாயின் பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் குடியிருப்பில் பல்லாண்டு வாழ்ந்தார். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1942இல் வைசிராயின் நிருவாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் பொறுப்பில் வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் தன்பாத் பகுதிக்குச் சென்று நிலக்கரிச் சுரங்கத்தினுள் இறங்கி, அங்கு உழைப்போரின் நிலையை நேரில் கண்டார்.

பணியில் காயமுற்றோர்க்கு இழப்பீடு வழங்க 1923ஆம் ஆண்டிலேயே சட்டம் இருந்தது. முதலாளியின் தவறு மெய்ப்பிக்கப்படாவிடினும் இழப்பீடு உண்டு என்றது அது; அந்நாளில் அது பெரும் முன்னேற்றமே. ஆயினும் பணம் தர வேண்டியவர் முதலாளி ஒருவரே. அவர் மறுத்தால் தொழிலாளி ஆணையர் முன் வழக்காட வேண்டும். கை ஒடிந்தவரால், எழுத்தறியாதவரால் அது எளிதில் இயலுமா?

முதலாளியும் தொழிலாளியும் மாதந்தோறும் சிறு தொகை செலுத்தி, அப்பொதுநிதியிலிருந்து உதவி பெறுவதே காப்பீட்டு முறை. அம்பேத்கர் பொறுப்பில் இருந்தபோது, 1943இல், பேராசிரியர் அதார்க்கர் தொழிலாளர்க்கான உடல்நலக் காப்பீட்டுத் திட்டம் வகுக்க அமர்த்தப்பட்டார்; 1944இல் அறிக்கை அளித்தார். பேறுகால உதவியையும் பணிவிபத்து இழப்பீட்டையும் அதனோடு இணைக்குமாறு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வல்லுநர் இருவர் கூறினர். அவர் அப்பொறுப்பை விட்டு நீங்கிய பின், 1948இல், அது தொழிலாளர் அரசு காப்பீட்டுச் சட்டமாக நிறைவேறியது. அப்போது அவர் விடுதலை பெற்ற இந்தியாவின் சட்ட அமைச்சர்.

இன்று இத்திட்டத்தில் சேர்ந்த தொழிலாளி, வேலையில் சேர்ந்த முதல் நாளே விபத்துக்குள்ளானாலும் உதவிக்கு உரியவர். உடல் தேறும் வரை கூலியில் 90 விழுக்காடு கிடைக்கும். நிலையான ஊனமுற்றால் வாழ்நாள் முழுதும் மாதத்தொகை உண்டு. அம்பேத்கர் 1956 டிசம்பர் 6ஆம் நாள் மறைந்தார். ஆலைகளையும் கடைகளையும் எட்டிய அக்காப்பீடு, சிறு தோட்டங்களில் நாட்கூலிக்கு மரமேறும் மலைமக்களை எட்டவில்லை.