செரண்டிப் என்ற பெயரைக் கல்லுக்குச் சூட்டியவர்

அரபு வணிகர்கள் எமது நாட்டை செரண்டிப் என்று அழைத்ததை எமது பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் படிக்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு கனியமும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. செரண்டிபைற்று எனப்படும் அந்தக் கனியத்தை 1903இல் பிரையர் என்ற ஆங்கிலேய அறிஞருடன் சேர்ந்து உலகுக்கு அறிமுகம் செய்தவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி.

நாம் அவரைக் கலை அறிஞராகவே அறிவோம். ஆனால் பல்கலைக்கழகத்தில் அவர் படித்தது புவிச்சரிதவியலும் தாவரவியலும்.

அவர் 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமியின் குடும்பத்துக்குப் பூர்வீகம் யாழ்ப்பாணத்தின் பருத்தித்துறைப் பக்கம். தாய் ஆங்கிலேயர். இரண்டு வயதிலேயே தந்தையை இழந்த பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தது. பாடசாலைக் காலத்திலேயே, அருகிலிருந்த குன்றொன்றின் பாறைகளைப் பற்றிப் பாடசாலைச் சஞ்சிகையில் கட்டுரை எழுதினார். 1900இல் இலண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் பட்டம் பெற்றார்.

1903 முதல் 1906 வரை இலங்கைக் கனியவள அளவையின் பணிப்பாளராக இருந்தார். அக்காலத்தில் இங்கு கிடைத்த கறுப்பு நிறப் பாரமான கனியமொன்றை முதலில் அவர் யுரேனினைற்று என்றே கருதினார். இலண்டனில் பகுப்பாய்வு செய்தபோது, அது தோரியம் நிறைந்த புதிய கனியம் என்று தெரியவந்தது. அதுவே தோரியனைற்று. ஒருவர் கண்டதை இன்னொருவர் சோதித்துத் திருத்துவதே ஆராய்ச்சி. அதனால் முதலில் கண்டவரின் மதிப்புக் குறையவில்லை. அவரது கனியவியல் ஆய்வுகளுக்கு இலண்டன் பல்கலைக்கழகம் விஞ்ஞான கலாநிதிப் பட்டம் வழங்கியது.

கல் தேடிக் கிராமம் கிராமமாகச் சென்றவரின் கண்ணில் கைவினைஞர்களின் வறுமையும் பட்டது. மறைந்துகொண்டிருந்த அவர்களது தொழில்களைப் பதிவு செய்து, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெரும் நூலை 1908இல் வெளியிட்டார். பின்னர் அமெரிக்கா சென்று பொஸ்டன் நுண்கலை அரும்பொருளகத்தில் பணியாற்றினார். 1947இல் காலமானார்.

நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் கற்பிக்கிறேன். ஆசிரிய கலாசாலையில் படித்த நாட்களில் குமாரசுவாமியின் இந்தப் பக்கத்தை எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. இப்போது மாணவர்களுக்கு நான் சொல்கிறேன். காரணம் எமது கிணறுகள்.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறும். உரமும் மலசலகூடக் குழிகளின் கழிவும் அதே கல்லின் வெடிப்புகளால் நீரில் கலக்கின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. 1990இல் வெளியேற்றப்பட்டுப் பல வருடங்களின் பின் மீளக் குடியேறிய எமது குடும்பங்களும் இந்த நீரையே நம்பியிருக்கின்றன.

உயர்தரத்தில் சித்தியடையும் பிள்ளையிடம் நாம் கேட்பது மருத்துவமா, பொறியியலா என்று மட்டுமே. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் புவிச்சரிதவியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. காலடியில் உள்ள கல்லையும் நீரையும் படிக்க எமது சமூகத்திலிருந்தும் சிலர் முன்வர வேண்டும். பெற்றோரே, அந்த ஆர்வம் உங்கள் பிள்ளையிடம் தெரிந்தால் தயவுசெய்து தடுத்துவிடாதீர்கள்.