அலெக்ஸாண்ட்ரியாவின் ஞானி பைலோ

எகிப்தின் அலெக்ஸாண்ட்ரியா துறைமுக நகரில், கி.மு. 20-ஆம் ஆண்டு வாக்கில், செல்வந்த யூதக் குடும்பத்தில் பிறந்தவர் பைலோ. வேதம் மோசேயினுடையது; படிப்பும் எழுத்தும் கிரேக்கம். பிளேட்டோவில் தோய்ந்த அவர், ஆதியாகமக் கதைகளுக்கு உட்பொருள் கண்டார். கண்ணுக்கெட்டாத கடவுளுக்கும் உலகுக்கும் இடையே ‘லோகோஸ்’ என்னும் இறையறிவு நிற்கிறது என்றார். ஆனால் உட்பொருள் தெரிந்தால் போதும், ஓய்வு நாளும் பண்டிகையும் வேண்டாம் என்றவர்களைக் கண்டித்தார்.

கி.பி. 38-ல் அந்நகர யூதர்களின் வீடுகள் சூறையாடப்பட்டன, பலர் கொல்லப்பட்டனர். முதிய வயதில் பைலோ தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி ரோமாபுரி சென்றார். கலிகுலா சக்கரவர்த்தி ஏளனம் செய்து அனுப்பினான். 41-ல் அவன் கொலையுண்டான். அடுத்து வந்த கிளாடியஸ் யூதர்களின் வழிபாட்டு உரிமையை உறுதிசெய்தார்.

பைலோவின் சகோதரர் மகன் திபேரியஸ் முன்னோர் வழக்கத்தைத் துறந்து ரோமானியப் பதவிகளில் உயர்ந்தான். பைலோ கிரேக்கத்தையும் விடவில்லை, வேதத்தையும் விடவில்லை.