நடக்கக் கற்றுத்தந்த கரங்கள் – எலிசபெத் கென்னி

சிஸ்டர் கென்னி என்றதும் ஏதோ ஒரு துறவற சபையைச் சேர்ந்த அருள்சகோதரியின் உருவம் நம் மனக்கண்முன் தோன்றலாம். அவர் துறவி அல்லர். முதல் உலகப் போரின்போது ஆஸ்திரேலியப் படையின் செவிலியர் பிரிவில் பணியாற்றியவருக்கு 1917ஆம் ஆண்டில் கிடைத்த பதவியின் பெயர்தான் சிஸ்டர். நம் ஊர் மருத்துவமனைகளிலும் செவிலியரை அப்படித்தானே அழைக்கிறோம்!

எலிசபெத் கென்னி 1880ஆம் ஆண்டு செப்டம்பர் 20ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள வாரியால்டா என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறிய விவசாயி. பள்ளிப் படிப்பு அதிகமில்லை. பதின்ம வயதில் குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட கென்னியை டூவும்பா நகரிலிருந்த ஈனியாஸ் மக்டானல் என்ற மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். அந்த மருத்துவரின் உடற்கூறு நூல்களும் எலும்புக்கூட்டு மாதிரியும் அவரைக் கவர்ந்தன. மெலிந்திருந்த தம் தம்பிக்கு உடற்பயிற்சி சொல்லிக்கொடுப்பதற்காக ஒவ்வொரு தசையும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதை அசைக்கிறது என்று படித்தார். வாழ்நாள் முழுவதும் அவருக்குக் கைகொடுத்தது இந்தப் படிப்புதான்.

முறையான செவிலியர் பள்ளியில் அவர் பயின்றதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆயினும் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் நாபி என்ற ஊரைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்குக் குதிரையில் சென்று நோயாளிகளைக் கவனித்து வந்தார். 1911இல் கைகால் முறுக்கிக்கொண்டு வலியால் துடித்த ஒரு குழந்தையைக் கண்டதாகவும், மக்டானலுக்குத் தந்தி அடித்ததாகவும் பின்னாளில் அவர் கூறினார். அது போலியோ என்னும் இளம்பிள்ளை வாதம். இதற்கு மருந்தில்லை, தெரியும் குறிகளைப் பார்த்துச் செய்யுங்கள் என்ற பொருளில் பதில் வந்ததாம். கம்பளித் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, இறுகிய தசைகள்மேல் சுற்றினார். வலி தணிந்தபின் கைகால்களை மெல்ல அசைத்துக்கொடுத்தார்.

அந்நாளில் மருத்துவர்கள் இதற்கு நேர்மாறாகவே செய்துவந்தார்கள். நல்ல தசை பலவீனமான தசையை இழுத்து எலும்பைக் கோணலாக்கிவிடும் என்று அஞ்சி, குழந்தைகளின் கைகால்களைப் பல மாதங்கள் மாவுக்கட்டிலும் மரச்சட்டங்களிலும் அசையாமல் வைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது தசைகள் சூம்பிப்போயிருக்கும். அதன்பின் இரும்புக் கேலிப்பர்தான்.

1927இல் கென்னி அடிபட்டவர்களை அதிர்ச்சியின்றித் தூக்கிச்செல்லும் ஸ்ட்ரெச்சர் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1932இல் டவுன்ஸ்வில் நகரில் ஒரு வீட்டின் பின்புறத்தில் சிகிச்சை நிலையம் தொடங்கினார். கேலிப்பர்களைக் கழற்றச் சொன்னார். பெற்றோர் கூட்டம் கூட்டமாக வந்தார்கள், மருத்துவர்கள் ஏளனம் செய்தார்கள். 1938இல் குயின்ஸ்லாந்து அரசு விசாரணைக் குழுவின் அறிக்கை அவரது முறையைக் கடுமையாகக் கண்டித்தது. எனினும் பிரிஸ்பேன் பொது மருத்துவமனையில் அவருக்கு ஒரு வார்டு தரப்பட்டது. அங்கே அவருடைய நோயாளிகளின் கைகால்கள் மற்றவர்களுடையதைவிட இளக்கமாயிருப்பதைச் சில மருத்துவர்கள் நேரில் கண்டார்கள்.

அவர்களில் சிலரது அறிமுகக் கடிதங்களுடன் 1940இல், ஏறக்குறைய அறுபது வயதில், கென்னி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். முதலில் சென்ற இடங்களில் வரவேற்பில்லை. மினசோட்டா மாநிலத்தின் மினியாபோலிஸ் நகரில்தான் மருத்துவர்கள் கோல், நாப், போல் ஆகியோர் செய்து காட்டச் சொன்னார்கள். செய்து காட்டினார். 1942 டிசம்பரில் அந்நகரில் அவர் பெயராலேயே ஒரு நிறுவனம் திறக்கப்பட்டது.

அங்கே அவருடைய பெரும்பகுதி நேரம் பயிற்சி அளிப்பதிலேயே கழிந்தது. மருத்துவர்களும் செவிலியரும் பிசியோதெரபி பணியாளர்களும் பல ஊர்களிலிருந்து வந்தார்கள். வெந்நீர்த் துணியைச் சுற்றுவதற்கே பாடம் உண்டு. கம்பளியைத் தசையின் அளவுக்கு வெட்ட வேண்டும், மூட்டுகளை மூடக்கூடாது, தோல் வெந்துபோகாதபடி ஒரு சொட்டு நீரும் தங்காமல் பிழிய வேண்டும். ஈரக் கம்பளியின் வாடையை அக்காலக் குழந்தைகள் முதுமையிலும் மறக்கவில்லை. பின்னாளில் புகழ்பெற்ற நடிகரான ஆலன் ஆல்டாவும் சிறுவயதில் இந்தச் சூட்டைத் தாங்கியவர்தான்.

அதைவிடக் கடினமானது தசைக்குப் பாடம் சொல்வது. தசைநாண் எலும்பில் சேரும் இடத்தைப் பயிற்சியாளர் தொட்டுக் காட்ட வேண்டும். குழந்தை தன் மனத்தை அந்த இடத்தில் நிறுத்த வேண்டும். வேறு தசை திருட்டுத்தனமாக உதவிக்கு வந்தால் உடனே கண்டுபிடித்து நிறுத்த வேண்டும். இதற்கு உடற்கூறு அறிவு வேண்டும், பொறுமையும் வேண்டும். சில வார வகுப்பில் சான்றிதழ் வாங்கிச் சென்று தம் பெயரைச் சொல்லிக்கொண்டவர்கள்மேல் கென்னிக்குக் கோபம் வந்தது. நீண்ட பயிற்சி இல்லாமல் குழந்தையின் காலைத் தொடக்கூடாது என்பதில் அவர் பிடிவாதமாயிருந்தார். சான்றிதழே இல்லாதவர் என்று பழிக்கப்பட்டவர் சான்றிதழுக்கு இவ்வளவு காவல் நின்றது வியப்புத்தான்! ஆனால் அரைகுறையாகக் கற்ற கை எவ்வளவு கெடுதி செய்யும் என்பதை அவரைவிட அறிந்தவர் யார்?

அவர் எல்லாவற்றிலும் சரியாயிருந்தார் என்று சொல்ல இயலாது. இந்நோய் தசையில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். உண்மையில் போலியோ வைரஸ் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பு செல்களை அழிக்கிறது. இதில் மருத்துவர்கள் சொன்னதே சரி. அழிந்த நரம்பை எந்த வெந்நீரும் உயிர்ப்பிக்காது. 1944இல் அமெரிக்க மருத்துவக் குழு ஒன்று அவரது கூற்றுகளைக் கண்டித்தது. அவரது நாவும் கூர்மையானது, நண்பர்களையும் பகைத்துக்கொண்டார். ஆயினும் மாவுக்கட்டு வழக்கம் ஒழிந்தது, அவர் வற்புறுத்திய தசைப் பயிற்சி நிலைத்தது. 1946இல் அவர் வாழ்வு திரைப்படமாயிற்று. 1951இல் காலப் கருத்துக்கணிப்பில் அமெரிக்கர்கள் மிகவும் போற்றும் பெண்ணாக எலினோர் ரூஸ்வெல்ட்டையும் முந்தினார்.

பார்க்கின்சன் நோய் அவரது கைகளை நடுங்கச் செய்தது. ஆஸ்திரேலியா திரும்பிய அவர் 1952 நவம்பர் 30 அன்று டூவும்பாவில் காலமானார். அங்குள்ள மெதடிஸ்ட் ஆலயத்தில் வழிபாடு நடத்தி, நாபியில் அடக்கம் செய்தார்கள். மூன்று ஆண்டுகளில் சால்க் தடுப்பூசி வந்தது.

அவர் இறந்து 15 ஆண்டுகளுக்குப்பின், 1967இல், பிசியோதெரபி உதவியாளருக்கான முதல் படிப்புகள் அமெரிக்காவில் இரண்டு கல்லூரிகளில் தொடங்கின. ஒன்று புளோரிடாவின் மயாமியில். மற்றொன்று கென்னி பாடம் நடத்திய அதே மினியாபோலிஸில், புனித யோசேப்பின் அருள்சகோதரிகள் நடத்திய தூய மரியா இளநிலைக் கல்லூரியில். நோயாளியைப் பரிசோதித்துத் திட்டமிடுபவர் பிசியோதெரபிஸ்ட். அவருடைய மேற்பார்வையில் பயிற்சி கொடுப்பதும், நடக்கப் பழக்குவதும், சூட்டு ஒத்தடம் வைப்பதும் உதவியாளரின் வேலை. படிப்பு இரண்டு ஆண்டுகள். பாடங்களில் உடற்கூறு உண்டு. தசை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எதை அசைக்கிறது என்பதை மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.