ஜான் கோல்ட்ரேன்

இசைவாணர் மாண்டபின் அவரிடமிருந்து புதிய இசை பிறவாது என்பது உலகத்தார் எண்ணம். அது எப்பொழுதும் பொருந்துவதன்று என்பதை நாம் ஜான் கோல்ட்ரேன் என்னும் ஜாஸ் இசைவாணரின் சரித்திரத்தால் அறிகிறோம்.

இவர் 1926ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள், அமெரிக்காவின் வட கரோலினா மாகாணத்து ஹாம்லெட் என்னும் சிற்றூரில், கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். தாய்வழிப் பாட்டனார் ஒரு கிறிஸ்தவ குருவானவர். பன்னிரண்டாம் வயதில் பாட்டனாரையும் தந்தையையும் சில வாரங்களுக்குள் இழந்த இவருக்கு இசையே துணையாயிற்று. சாக்ஸபோன் என்னும் ஊதுகருவியிற் பெருந்தேர்ச்சி அடைந்து, 1955இல் புகழ்பெற்ற மைல்ஸ் டேவிஸின் குழுவிற் சேர்ந்தார். ஆயினும் ஹெராயின் என்னும் போதைப்பொருளுக்கு அடிமையானமையால் 1957இல் அக்குழுவினின்று நீக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே அத்தீய பழக்கத்தை விட்டொழித்தார். அதனைக் கடவுளின் கிருபை என்றே அவர் பின்னாளில் எழுதினார்.

1963ஆம் ஆண்டு மார்ச் 6ஆம் நாள், மக்காய் டைனர், ஜிம்மி காரிசன், எல்வின் ஜோன்ஸ் என்னும் மூவரோடும் நியூ ஜெர்சியிலுள்ள ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் வாசித்தார். அன்று பதிவான இசையுள் இரண்டிற்குப் பெயர்கூட இடப்படவில்லை, எண்களே இருந்தன. மறுநாள் அதே கூடத்தில் ஜானி ஹார்ட்மன் என்னும் பாடகரோடு செய்த பதிவு அவ்வாண்டே இசைத்தட்டாக வெளிவந்தது. முந்தின நாளின் உழைப்போ வெளிவரவில்லை. நிறுவனத்தாரிடமிருந்த மூலநாடாவும் காலப்போக்கில் காணாமற்போயிற்று.

ஆனால், கோல்ட்ரேன் தாம் கேட்பதற்கென ஒரு படியை இல்லத்திற்குக் கொண்டுசென்றிருந்தார். அது அவர் மனைவியார் நைமாவின் கைக்கு வந்தது. அவ்வாண்டுக் கோடையிலேயே அவர் நைமாவை விட்டுப் பிரிந்தார். பின்னர் மணவிலக்கும் நேர்ந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பரில், இறைவனுக்குக் காணிக்கையாக 'எ லவ் சுப்ரீம்' என்னும் தம் தலைசிறந்த படைப்பைப் பதிவு செய்தார். 1967ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள் கல்லீரற் புற்றுநோயால் நாற்பதாம் வயதிற் காலமானார். நைமாவும் 1996இல் மறைந்தார். நாடா மட்டும் அவர் குடும்பத்தாரிடத்திலே இருந்தது.

அந்நாடாவிலிருந்தே 2018ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள், 'போத் டைரக்ஷன்ஸ் அட் ஒன்ஸ்' என்னும் பெயரோடு அவ்விசை வெளிவந்தது. இடையிற் கழிந்தவை ஐம்பத்தைந்து ஆண்டுகள். வாசித்த நால்வருள் டைனர் ஒருவரே அதனைக் காண உயிரோடிருந்தார். அவரும் 2020இல் மறைந்தார்.

பொருளும் பண்டகசாலையும் உடைய நிறுவனம் இழந்ததை, அவர் விட்டுப் பிரிந்த இல்லம் காத்தது. இதனை எண்ணுந்தோறும், அவரது கலையை வியப்பதோடு, அந்நாடாவை எறிந்துவிடாத அக்குடும்பத்தாருக்கும் நாம் நன்றி செலுத்தக் கடமைப்பட்டுள்ளோம்.