பாரதியாரும் அவர்தம் நூல் விற்பனையும்

சின்னாட்களுக்கு முன் எண்ணூரை அடுத்த முகத்துவாரக்குப்பத்திற்கு நாம் சென்றிருந்தோம். கொற்றலையாறு கடலோடு கலக்கும் அவ்விடத்தில், தம் வீட்டார் பிடித்து வந்த மீனைப் பெண்டிர் கூடையிலெடுத்து விற்கப் புறப்பட்டுக்கொண்டிருந்தனர். பிடிக்கும் பாடும் விற்கும் பாடும் ஒரே குடும்பத்தின் தலைமேல் இருப்பதைக் கண்டு இரங்கினோம். மீளும் வழியில், தீப்பெட்டித் தொழிற்சாலையால் பெயர் பெற்ற விம்கோ நகர் நிலையத்தையும், தண்டையார்பேட்டை எண்ணெய்க் கிடங்குகளையும் கடந்தபோது, ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியாரின் நினைவு எழுந்தது. தீப்பெட்டிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அப்பெருங்கவிக்கும் உறவு யாதென வினவும் அன்பர்கட்கு விடை கூறவே இதனை எழுதலானோம்.

பாரதியார் 1882-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 11-ஆம் நாள் எட்டயபுரத்திற் பிறந்தார். தந்தையார் சின்னசாமி ஐயர் ஆலைத் தொழிலில் பொருளிழந்து 1898-இல் காலமானார். காசியிற் சில ஆண்டு கற்றதும், எட்டயபுரம் சமஸ்தானத்தில் இருந்ததும், மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியிற் சில மாதம் தமிழாசிரியராய் அமர்ந்ததும் பலரும் அறிந்தனவே. 1904-ஆம் ஆண்டின் இறுதியிற் சென்னை போந்து, ஜி. சுப்பிரமணிய ஐயர் நடத்திய சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார்.

அவருடைய பாட்டுக்கள் முதன்முதல் பெருந்தொகையாக மக்கள் கையிற் சேர்ந்தது விலைக்கன்று. 1907-இல் வி. கிருஷ்ணசாமி ஐயர் என்னும் வழக்கறிஞர் மூன்று பாடல்களைச் சிறு பிரசுரமாக 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். அவரோ மிதவாதக் கட்சியைச் சார்ந்தவர். பாரதியார் தீவிரக் கட்சியினர். கொள்கையில் மாறுபட்டவர் பாட்டிற்கு மயங்கிப் பொருள் செலவிட்டது வியப்பே! மறு ஆண்டில் ஸ்வதேச கீதங்களைப் பாரதியார் தாமே நூலாக வெளியிட்டார்.

அவ்வாண்டிலேயே அரசாங்கத்தின் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரி புகுந்தார். ஆங்குப் பத்தாண்டு வாசம். கவிகள் பெருகின, வாங்குவோர் அருகினர். படிப்போர் பெரும்பாலும் பிரிட்டிஷ் எல்லைக்குட்பட்டவர். எழுதுவோரோ பிரெஞ்சு எல்லைக்குட்பட்டவர். இடையில் தபாலை ஆராயும் போலீஸார். இந்தியா பத்திரிகை 1910-இல் நின்றது. ஆறிலொரு பங்கு, கனவு என்னும் இரு சிறு நூல்களைச் சென்னை அரசாங்கம் 1911-இல் தடைசெய்தது. முன்னதோ ஒரு சிறுகதை. பின்னது தம் இளமை வரலாற்றைக் கூறும் செய்யுள்! 1912-இல் பாஞ்சாலி சபதத்தின் முற்பகுதி வெளிவந்தது. பிற்பகுதியை அச்சேற்றக் கவி உயிரோடிருந்தவரை வழி பிறக்கவில்லை. கடல் கடந்த தென்னாப்பிரிக்காவில் ஒரு நூல் 1914-இல் அச்சாயிற்று. கண்ணன் பாட்டினைப் பரலி சு. நெல்லையப்பர் 1917-இல் வெளியிட்டார். இவ்வன்பர் இல்லையேல் அந்நாளில் இதுவும் வந்திராது.

1918 நவம்பரிற் புதுவை நீங்கிய பாரதியார் கடலூரிற் சிறைப்பட்டு, டிசம்பரில் விடுதலை பெற்று, மனைவியாரின் ஊராகிய கடையம் சேர்ந்தார். வருவாய் ஏதுமில்லை. 1919-இல் பண்டைப் புலவர் முறைப்படி எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி விடுத்தார், பரிசில் வரவில்லை. அரசர் கொடாத பொருளைப் பொதுமக்களிடம் கடனாகப் பெறுவோம் எனத் துணிந்தார்.

1920-இல் நண்பர்கட்கு ஒரு சுற்றுக்கடிதம் விடுத்தார். தம் எழுத்துக்கள் அனைத்தையும் 40 நூல்களாகப் பகுத்து, ஒவ்வொன்றிலும் 10,000 படி, ஆக 4 லட்சம் படிகள் அச்சிடுவது அவர் எண்ணம். அச்சுக்கு 20,000 ரூபாயும், விளம்பரத்திற்கு 10,000 ரூபாயும் வேண்டுமெனக் கணக்கிட்டார். குறைந்தது 100 ரூபாய் கடன் கொடுப்போர்க்கு முத்திரைத்தாளிற் பத்திரம் எழுதித் தருவதாகவும், மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி அளிப்பதாகவும் உறுதி கூறினார். தம் நூல்கள் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல எளிதாக விலைபோகும் என்பதே அதில் அவர் காட்டிய நம்பிக்கை.

இக்கணக்கை நாம் சற்று ஆராய்ந்து பார்த்தோம். 100 ரூபாய்க்கு ஆண்டொன்றுக்கு 24 ரூபாய் வட்டி. முப்பதாயிரத்திற்கும் கடன் பெற்றால் வட்டி மட்டும் 7,200 ரூபாய். அக்காலத்துச் சென்னை மாகாணத்தில் எழுத்தறிந்தோர் பத்துப் பேரில் ஏறத்தாழ ஒருவரே. மண்ணெண்ணெய் வாங்குவோனுக்கு எழுத்தறிவு வேண்டுவதில்லை! சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் நிறைந்திருந்ததை 1914-இல் எம்டன் கப்பல் சுட்டெரித்தபோது உலகமே கண்டது. அச்சரக்கைச் சிற்றூர்க் கடைவரை கொண்டு செல்லக் கம்பெனிகள் இருந்தன. புத்தகத்தைக் கொண்டு செல்ல அத்தகைய ஏற்பாடு இல்லை. உ. வே. சாமிநாதையரும் சீவக சிந்தாமணியை 1887-இல் முன்கையொப்பம் பெற்றே பதிப்பித்தார் எனினும், அவருக்குக் கும்பகோணம் கல்லூரிச் சம்பளம் இருந்தது. பாரதியாருக்கோ பாட்டே முதல், பாட்டே ஈடு.

ஆயினும் அவர் கணக்கை நகைத்து ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. கொடையாளி ஒருவரின் தயவில் வாழாமல், ஏழையும் வாங்கத்தக்க நூலை விற்று உண்ண வேண்டுமென்று எண்ணியது பேதைமையன்று. வேண்டிய கடன் சேரவில்லை. அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் சுதேசமித்திரனில் ஊதியத்திற்கு அமர்ந்தார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளுண்டு பிழைத்தவர், பின்பு வயிற்று நோயால் 1921 செப்டம்பரில், 39 வயது நிரம்புமுன் மறைந்தார். உடன் சென்றோர் இருபதின்மருக்கும் குறைவு.

பின்னிகழ்ந்ததைச் சுருங்கச் சொல்வோம். மனைவியார் செல்லம்மாள் பாரதி ஆச்ரமம் என்னும் பெயரால் 1922-இல் ஸ்வதேச கீதங்களை வெளியிட்டார். கணவர் பட்ட பாட்டைக் கண்ணாரக் கண்டிருந்தும் அதே துறையில் இறங்கிய அவ்வம்மையாரின் துணிவைப் போற்றுவார் சிலரே. 1924-இல் பாஞ்சாலி சபதத்தின் பிற்பகுதி வெளிவந்தது. 1928-இல் பர்மா அரசாங்கம் தடைவிதிக்க, சென்னையிலும் நூற்படிகள் பறிமுதலாயின. சட்டசபையில் சத்தியமூர்த்தி எதிர்த்து வாதாடினார். உரிமை பின்னர்த் தம்பியார் விசுவநாதையரிடம் இருந்தது. இசைத்தட்டு உரிமை வணிகரிடம் சென்று, ஏ. வி. மெய்யப்ப செட்டியாரை அடைந்தது. பாடியவர் வாழ்நாளில் நூறு ரூபாய்க் கடனும் தயங்கிய பாட்டுக்களைக் குறித்து வழக்கறிஞர்கள் நோட்டீஸ் விடுத்தனர். 1949-இல் சென்னை அரசாங்கம் உரிமைகளைப் பெற்றுப் பின்பு மக்கட்கே பொதுவாக்கிற்று.

பாரதி கவிதைகளை இன்று எவரும் அச்சிடலாம். அன்று மாலை நாம் பட்டணம் மீண்டபோது, துறைமுகத்திற்கு அணித்தாகிய பாரிமுனையில் நடைபாதைக் கடை ஒன்றில், திருப்புகழுக்கும் சமையல் நூலுக்கும் இடையே அக்கவிதைத் தொகுதி கிடந்தது. அடுத்த கடையில் தீப்பெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள்.